மலைக்குள்ளே ஒரு வானம்

"சீனாவின் தாவோ மதத்தில் மலைகளையும் குகைகளையும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? அங்கே சாகாமல் இருப்பதாகச் சொல்லப்படுகிறவர்கள் யார்? நம்ம ஊர் சித்தர்கள் மாதிரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி. சித்தர் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். அதிலிருந்து ஆரம்பித்தால் நமக்குத் தெரிந்ததையே சீனாவிலும் தேடிக்கொண்டிருப்போம்.

முதலில் அந்தச் சொல். சாகாதவரைச் சீனத்தில் 'சியேன்' என்பார்கள். அந்த எழுத்தைப் பிரித்தால் இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் மலை. மலைமனிதன், அவ்வளவுதான். இதற்கு இன்னும் பழைய வடிவம் ஒன்று உண்டு. அதில் மலை இருக்காது, மேலே எழும்புவதைக் குறிக்கும் உறுப்பு இருக்கும். சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஹான் காலச் சிற்பங்களில் இவர்களுக்குத் தோளில் இறகு முளைத்திருக்கும். பறந்துகொண்டிருந்தவர்கள் பிறகு மலையில் குடியேறினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் இவர்களை 'அமரர்' எனலாமா என்று யோசித்தால் ஒரு வேடிக்கை. சாகாதவர் என்று பொருள்படும் அந்தச் சொல்லை இன்று நாம் இறந்தவர் பெயருக்கு முன்னால்தான் போடுகிறோம். சீனத்திலும் அதே கதை. மதிப்புக்குரிய பெரியவர் காலமானால் 'சியேனாகிப் போய்விட்டார்' என்ற பொருளில் எழுதுவது அங்கே மரியாதை.

சரி, மலைக்கு வருவோம். தாவோ துறவி என்றதும் நம் கண்ணில் வருவது அந்த ஓவியம்: பனிமூட்டம், செங்குத்துப் பாறை, அதன் உச்சியில் வெள்ளைத் தாடிக் கிழவர். ஆனால் தாவோ நூல்களுக்குள் போனால் உச்சியைப் பற்றிய பேச்சு ரொம்பக் குறைவு. அவர்களுக்கு முக்கியம் மலையின் வயிறு. பெரிய மலைகளெல்லாம் உள்ளே வெற்றிடம், அந்த வெற்றிடத்துக்குள் தனி வானம், தனிச் சூரியன், தனி நிர்வாகம் என்பது நம்பிக்கை. இதற்குப் பெயர் 'தொங்தியேன்'. 'தொங்' என்றால் குகை, 'தியேன்' என்றால் வானம். குகைவானம். 'தொங்' என்ற எழுத்துக்குத் துளைத்துக்கொண்டு ஊடே போவது என்ற சாயலும் உண்டு. அதனால் இந்தக் குகைகள் ஒன்றோடொன்று நிலத்துக்கடியில் தொடர்புள்ளவை என்றும் சொல்லிவிட்டார்கள். சூஜோ நகருக்குப் பக்கத்தில் தாய்ஹூ ஏரித் தீவில் லின்வூ என்று ஒரு குகை இருக்கிறது. வூ நாட்டு அரசன் அதற்குள் ஒரு முதியவரை அனுப்பினானாம். அவர் மாதக் கணக்கில் நிலத்துக்கடியில் நடந்து, கையில் யாராலும் படிக்க முடியாத ஓர் ஏட்டோடு திரும்பினாராம். அந்த ஏட்டைத்தான் லிங்பாவ் என்ற தாவோ மரபினர் தங்கள் மந்திரத் தகடுகளின் மூலம் என்கிறார்கள்.

குகைவானத்தின் உள்ளே என்ன இருக்கும் என்று மிக விரிவாகச் சொல்கிற இடம் மாவ்ஷான். இன்றைய ஜியாங்சு மாகாணத்தில், நான்ஜிங்குக்குத் தென்கிழக்கில் இருக்கிற மலை. உயரம் என்று பார்த்தால் 400 மீட்டரைக்கூடத் தொடாது. ஆனால் தாவோ வரலாற்றில் அதன் இடம் பெரிது. மாவ் என்ற குடும்பப் பெயர் கொண்ட மூன்று அண்ணன் தம்பிகள் அங்கே சியேன் நிலை அடைந்தார்கள் என்பது கதை. மலைக்குப் பெயரும் அவர்களால்தான். பொ.ஆ. 364 முதல் 370 வரை யாங் ஷி என்பவருக்கு இரவு நேரங்களில் விண்ணவர்கள் தோன்றிப் பேசினார்கள். அவர் அதை அழகான கையெழுத்தில் எழுதிவைத்தார். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 492இல் அரசாங்க வேலையை உதறிவிட்டு மாவ்ஷானுக்கு வந்த தாவ் ஹோங்ஜிங் அந்தத் தாள்களைத் தேடித் தேடிச் சேகரித்தார். எது யாங் ஷியின் கை, எது பின்னால் வந்தவன் செய்த போலி என்று எழுத்தின் வளைவை வைத்துப் பிரித்தார். மருத்துவ நூலும் எழுதியவர், மந்திரம் பேசுகிறபோதும் சான்று கேட்கிற மனிதர். எனக்கு இந்த மரபிலேயே மிகவும் பிடித்தவர்.

அந்தத் தாள்களில் மாவ்ஷானின் குகைவானத்துக்கு ஹுவாயாங் என்று பெயர். சுற்றளவு 150 லி. ஒரு லி ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். உள்ளே நுழைய ஐந்து வாசல். பகலுக்கு ஓர் ஒளி, இரவுக்கு வேறோர் ஒளி. இதெல்லாம் எந்தப் புராணத்திலும் வரும். எனக்கு வியப்பாக இருப்பது அதற்கு அடுத்த வரி: தற்செயலாக உள்ளே வந்துவிட்ட ஆளுக்குத் தான் குகைக்குள் இருப்பதே தெரியாதாம். புல், மரம், தண்ணீர் எல்லாம் வெளியே இருப்பது போலவே இருக்கும். குறுக்கே பறவை பறக்கும், மேலே மேகம் திரளும். ஏதோ வெளியூர்ச் சாலையில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே நடந்து போய்விடுவானாம். சொர்க்கத்தைத் தங்கத்தால் இழைக்கிற வழக்கமான ஆசை இந்த எழுத்தில் இல்லை. சாதாரணமாக இருப்பதுதான் அதன் அற்புதம்.

உள்ளே யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் படித்துக்கொண்டிருக்கிறவர்கள். நல்லபடி வாழ்ந்து இறந்தவர்கள், சியேன் நிலைக்குப் பாதித் தகுதி பெற்றவர்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மாளிகைகள். அங்கே தங்கிப் பயிற்சி முடித்துத் தேறினால் பதவி. யாங் ஷியை வீட்டில் வைத்து ஆதரித்தது ஷூ என்ற குடும்பம். அந்தக் குடும்பத் தலைவரின் மனைவி அப்போதுதான் இறந்திருந்தாள். விண்ணவர் சொன்ன செய்திகளில் ஒன்று, அவள் மலைக்குள் பெண்கள் மாளிகையில் இருக்கிறாள் என்பது. இதைப் படித்த பிறகு அந்த வாசலும் மாளிகையும் அளவுகளும் எனக்கு வேறு மாதிரிப் படுகின்றன. இறந்தவள் எங்கே போனாள் என்று தவிக்கிற வீட்டுக்கு, வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு முகவரி கிடைத்திருக்கிறது. அதுவும் வீட்டு வாசலிலிருந்து பார்க்கக்கூடிய தூரத்து மலையில்.

மாவ்ஷானில் கூட்டமும் அப்போதே இருந்தது. மூன்றாம் மாதம் 18ஆம் தேதி மாவ் சகோதரர்களில் மூத்தவர் மலைக்கு வருவார் என்று நம்பிக்கை. அன்றைக்கு நூற்றுக்கணக்கான வண்டிகள், நாலைந்தாயிரம் பேர், ஆணும் பெண்ணுமாக நகரத்துச் சந்தை போலக் கூடிவிடுகிறார்கள், மலையேறிப் பாட்டுப் பாடிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள், உண்மையான பக்தி எவருக்கு இருக்கிறது என்று தாவ் ஹோங்ஜிங் குறிப்பெழுதிப் புலம்பியிருக்கிறார். 1500 வருடத்துக்கு முந்தைய புலம்பல். பௌர்ணமிக்கு மலையேறிப் பழகிய நம் ஆட்கள் யாரும் சிரிக்காமல் இதைப் படிக்க முடியாது.

பிறகு தாங் காலத்தில் இதையெல்லாம் ஒழுங்குபடுத்திப் பட்டியல் போட்டார்கள். முதலில் போட்டவர் தாவோ குரு ஸிமா செங்ஜென் (647–735). 901இல் தூ குவாங்திங் இன்னொரு பட்டியல் எழுதினார். பெரிய குகைவானம் 10, சிறியது 36, 'நற்பேறு நிலங்கள்' 72. மொத்தம் 118 இடம். முதலிடம் ஹெனான் மாகாணத்து வாங்வூ மலைக்கு. அதன் உட்சுற்றளவு 10,000 லி என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது 5,000 கிலோமீட்டர். மலையை வெளியே சுற்றிவந்தால் அதற்குப் பக்கத்தில்கூட வராது. உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடப் பெரிது, இதில் அவர்களுக்கு எந்த முரணும் தெரியவில்லை. கவிஞர் தாவ் யுவான்மிங்கின் பீச் மலர் ஓடைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: மீனவன் ஒருவன் குறுகிய துளை வழியாக நுழைந்து, வெளியுலகத்தை மறந்து வாழும் ஊரைக் கண்டுபிடிப்பான், திரும்பி வந்தபின் மறுபடி வழி தெரியாது. கற்பனைக் கதைதான். அந்த இடத்தையும் சிறிய குகைவானங்களில் 35ஆவதாகச் சேர்த்துவிட்டார்கள்!

நேரமும் அங்கே வேறு கணக்கில் ஓடும். ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு மலை. வாங் ஜி என்ற விறகுவெட்டி அங்கே போனபோது சில பையன்கள் 'வெய்ச்சி' ஆடிக்கொண்டிருந்தார்கள், கறுப்புக் காய் வெள்ளைக் காய் வைத்து ஆடும் அந்த ஆட்டம். இலந்தைக்கொட்டை மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள், வாயில் போட்டுக்கொண்டான், பசியே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கிளம்பவில்லையா?" என்றார்கள். திரும்பிப் பார்த்தால் கோடரிக் காம்பு உளுத்துப்போயிருந்தது. ஊருக்கு வந்தால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அந்த மலைக்கு இன்றும் 'லான்கே', அதாவது உளுத்த காம்பு, என்றுதான் பெயர்.

இப்போது தாய்ஷான், ஹுவாஷான், சோங்ஷான் உள்ளிட்ட ஐந்து பெருமலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றைத் 'தாவோ மலைகள்' என்று சுற்றுலாப் பிரசுரங்கள் எழுதும். முழு உண்மை இல்லை. இவை முதலில் அரச மலைகள். தாய்ஷானில் சின் பேரரசன் பொ.ஆ.மு. 219இல் வேள்வி செய்தபோது தாவோ மதம் என்று ஓர் அமைப்பே கிடையாது. ஸிமா செங்ஜென்தான் அரசவையில் வாதாடினார்: இந்தக் கோயில்களில் நீங்கள் கும்பிடுவது காட்டையும் மலையையும் காக்கும் சாதாரணத் தேவதைகளை, உண்மையான அதிகாரிகள் மலைக்குள் குகைமாளிகையில் இருக்கிறார்கள் என்று. பேரரசர் ஷுவான்ஸோங் 731இல் ஐந்து மலையிலும் அவர்களுக்குத் தனிச் சன்னதி கட்டினார். ஹூபெய் மாகாணத்து வூதாங் மலையின் பெரிய கோயில்கள் அதற்கும் பின்னால் வந்தவை. மிங் பேரரசர் யொங்லே 1412இல் ஆள்களைக் குவித்துக் கட்ட ஆரம்பித்தது அது.

'அதிகாரிகள்' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். இந்த மதத்தின் மலையை நான் புரிந்துகொண்டது அப்படித்தான்: பிறப்பு, இறப்பு, பாவம், ஆயுள் எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்திருக்கிற அலுவலகம். சியேன் என்பவர் செத்தவர் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்பட்டு, சாகாதவர் பட்டியலில் பெயர் ஏறியவர். அப்படியானால் மனுக் கொடுக்கலாம் அல்லவா? கொடுத்தார்கள். எழுதிய தகட்டோடு தங்கத்தால் செய்த குட்டி டிராகனையும் சேர்த்துக் குகையிலோ நீரிலோ மலையிலோ போட்டுவிடுவார்கள். டிராகன் தபால்காரர். முன்னே சொன்ன லின்வூ குகையிலேயே அப்படிப்பட்ட டிராகன்கள் கிடைத்திருக்கின்றன.

மனுக்களில் புகழ்பெற்றது 1982இல் சோங்ஷானில் கிடைத்தது. மலையேறிய ஒரு விவசாயியின் கண்ணில் பாறை இடுக்கில் பட்டது. 36 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்தில் தங்கத் தகடு, எடை கால் கிலோவுக்குக் குறைவு. இப்போது ஹெனான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அனுப்பியவர் சீன வரலாற்றில் பேரரசர் பட்டத்தைத் தானே சூடிக்கொண்ட ஒரே பெண், வூ ஸெதியேன். ஆண்டு 700. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, உடம்பும் சரியில்லை. 63 எழுத்துகள்தான். தாவோவையும் நெடுவாழ்வையும் சியேன்களையும் விரும்பும் நாட்டின் தலைவி, இந்த மலையின் வாசலில் தகட்டைச் சமர்ப்பிக்கிறேன், மூன்று அலுவலகங்களும் ஒன்பது துறைகளும் என் பாவப் பதிவை நீக்கும்படி வேண்டுகிறேன் என்பது சாரம். கீழே தேதி, கொண்டுவந்த தூதன் ஹூ சாவின் பெயர், அவனுடைய வணக்கம். அசல் அரசாங்க மனுவின் வாய்பாடு. மூன்று அலுவலகம் என்பது வானம், பூமி, நீர். தன் பெயரை எழுத அவர் தானே உருவாக்கிய எழுத்து ஒன்று உண்டு, சூரியனும் சந்திரனும் வெற்றிடத்துக்கு மேலே நிற்பதாக. தகட்டில் அந்த எழுத்து இருக்கிறது. எந்தெந்தக் கொலைகளை மனதில் வைத்துக்கொண்டு பாவம் என்ற சொல்லை எழுதச் சொன்னாரோ! உலகமே அவர் பேருக்கு நடுங்கியது, அவர் ஒரு மலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார். ஐந்து வருடத்தில் ஆட்சியும் போனது, உயிரும் போனது.

அந்த அலுவலகத்துக்கு நேரில் போவது வேறு விஷயம். மலை ஆபத்தானது. இதைப் பற்றி நான்காம் நூற்றாண்டு ஆசாமி கே ஹோங் எழுதிய கையேடு சுவையானது. குறிப்பிட்ட மாதங்களில்தான் மலையேற வேண்டும், மூன்றும் ஒன்பதும் நல்ல மாதம். சின்ன மலைகளில் மருந்து காய்ச்சாதே, அங்கே இருப்பதெல்லாம் இரத்தப் பலி வாங்கும் பேய்கள். முக்கியமாக, ஒன்பது அங்குலத்துக்குக் குறையாத கண்ணாடி ஒன்றை முதுகில் மாட்டிக்கொள். வயதான மிருகங்கள் மனித உருவம் எடுக்கும், ஆனால் கண்ணாடியில் ஏமாற்ற முடியாது. இரண்டு பேர் மலைக்குகையில் தவமிருந்தபோது மஞ்சள் உடை அணிந்த ஒருவன் வந்து, "பாவம், ரொம்பக் கஷ்டப்படுகிறீர்கள்" என்றானாம். கண்ணாடியில் பார்த்தால் மான். திட்டியதும் மானாகவே ஓடிவிட்டது. முயல் நாளன்று ஒருவன் வந்து தன்னைப் 'பெரியவர்' என்று சொல்லிக்கொண்டால் அவன் முயல். பெயரைச் சொல்லி அழைத்தால் போதும், ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடி இன்னும் தாவோ சடங்குகளில் இருக்கிறது, இந்தக் காரணம் பாதிப் பேருக்கு மறந்துவிட்டாலும்.

கே ஹோங் சியேன்களை மூன்று தரமாகப் பிரித்தார். மேல்தரத்தார் உடம்போடு வானத்துக்குப் போகிறவர்கள். நடுத்தரத்தார் பெரிய மலைகளில் உலாவுகிறவர்கள். கடைத்தரத்தார் முதலில் செத்து, பிறகு உடம்பைக் கழற்றுகிறவர்கள். சவப்பெட்டியைத் திறந்தால் செருப்போ கைத்தடியோ வாளோதான் இருக்கும். கே ஹோங் குவாங்தொங் மாகாணத்து லுவோஃபூ மலையில் இறந்தார். உடலைப் பெட்டியில் வைத்தபோது வெறும் துணி மாதிரி எடையில்லாமல் இருந்ததாம். தான் எழுதிய வகைப்பாட்டின்படி அவர் கடைசி வகுப்பு.

மலையில் போய் என்ன செய்வார்கள்? மூச்சுப் பயிற்சி, தானியத்தைத் தவிர்த்த உணவு, வேர், காளான், சுண்ணாம்புக் குகைகளில் சொட்டித் தொங்கும் கல்லின் தூள். அப்புறம் இரசவாதம். சிந்தூரத்தைச் சூடாக்கிப் பாதரசம், பாதரசத்தைத் திரும்பச் சிவப்பாக்குவது, உண்மையில் அந்தச் சிவப்பு நச்சுதான். சாகாமருந்து சாப்பிட்ட தாங் பேரரசர்கள் பலர் அதனாலேயே சீக்கிரம் செத்தார்கள். ஆனால் அதே கே ஹோங்கின் மருத்துவக் கைப்புத்தகத்தில், காய்ச்சலுக்கு ஒரு பிடி 'சிங்ஹாவ்' மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று ஒரு வரி. பிழி என்கிறார், காய்ச்சு என்று சொல்லவில்லை. சூடு மருந்துச் சத்தைக் கெடுக்கிறது என்று அந்த வரியிலிருந்துதான் 1971இல் சீன மருந்தியலாளர் தூ யூயூ ஊகித்தார். அதிலிருந்து வந்தது மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின். 2015இல் நோபல் பரிசு.

நச்சு மருந்துகளில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு இரசவாத அடுப்பு தியானமாக உடம்புக்குள் வந்தது. மலையும் கூடவே வந்தது. பெய்ஜிங்கின் வெண்மேகக் கோயிலில் 1886இல் கல்லில் செதுக்கிய ஒரு படம் இருக்கிறது. பக்கவாட்டில் அமர்ந்த மனித உடம்பு, ஆனால் வரைந்திருப்பதெல்லாம் நிலப்பரப்பு. தலை முழுக்க மலைத்தொடர். முதுகெலும்பு மலை வழியே ஏறுகிற ஓடை. அடியில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் நீர்ச்சக்கரத்தை மிதித்துத் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். அடிவயிற்றில் ஒருவன் எருது பூட்டி உழுகிறான். சிறுநீரகத்தில் ஒருத்தி நூல் நூற்கிறாள். மலைக்குள் உலகம் என்பது உடம்புக்குள் மலை என்றாகிவிட்டது. குகை தேடி ஊர் விட்டுப் போகத் தேவையில்லை.

இப்போது சித்தர்கள். ஒற்றுமைகள் கண்ணில் படத்தான் செய்யும். திருமூலர் மூலன் என்ற இடையனின் உடம்பில் புகுந்தார், தன் உடம்பு காணாமல் போயிற்று. சீனாவின் எட்டுச் சியேன்களில் ஒருவரான 'இரும்புக்கோல்' லீயின் ஆவி வெளியே போயிருந்தபோது அவருடைய சீடன் அவசரப்பட்டு உடம்பை எரித்துவிட்டான், வேறு வழியில்லாமல் செத்துக் கிடந்த ஒரு நொண்டிப் பிச்சைக்காரன் உடம்பில் புகுந்தார். போகர் சீனாவோடு தொடர்புடையவர் என்று தமிழ் மரபிலேயே பேச்சு உண்டு. பாதரசமும் மூலிகையும் மூச்சும் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்து சித்தர் பாடல்களில் ஒருவரும் மலைக்குள் துறை, பதவி, பதிவேடு என்று பேசவில்லை. சிவவாக்கியர் அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தால் தகராறுதான் நடந்திருக்கும். சியேன் ஆவது பெரும்பாலும் அரசாங்க வேலையில் சேர்வது மாதிரி, மேலே போகப் போகப் பதவி, பதவிக்கு மேல் பதவி.

இதை அவர்களே உணர்ந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைக்கல் முனிவர் என்று ஒருவரைப் பற்றி கே ஹோங் எழுதியிருக்கிறார். வெள்ளைக் கற்களை வேகவைத்துச் சாப்பிடுவாராம், வயது ஆயிரக்கணக்கில். நூற்றுக்கணக்கான வருடம் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பெங் ஸூ அவரிடம், "வானத்துக்குப் போகும் மருந்தை ஏன் நீங்கள் குடிக்கவில்லை?" என்று கேட்டார். "வானத்தில் மட்டும் மனிதர்களிடம் இருப்பதைவிட அதிகச் சுகமா இருக்கப் போகிறது? அங்கே பெரிய மனிதர்கள் ஏராளம். அவர்களுக்கெல்லாம் சேவகம் செய்வது இங்கே இருப்பதைவிடக் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் மலையிலேயே இருந்துகொண்டார்.